தொழிற்பேட்டையில் செய்தி சொல்லும் வேலை: எந்த மென்பொருளைக் கற்பது?

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். பிப்ரவரி கடைசி வாரத்திலேயே கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஃப்ளெக்ஸ் கடைகளில் வேலை குவியத் தொடங்கிவிடும். தலைமை அலுவலகம் அனுப்பிய ஆங்கில டிசைன் ஆலையின் மனிதவளப் பிரிவிலிருந்து வந்து சேரும். கூடவே, "இதையே தமிழ்லயும் இந்திலயும் போட்டுக் குடுத்துடுங்கண்ணா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. கடைக்காரர் தமிழ் வரியை நகலெடுத்து, பல வருடமாகக் கணினியில் கிடக்கும் பழைய கோரல் டிராவில் ஒட்டுவார். 'பாதுகாப்பே' என்பதில் பகரத்துக்கு முன்னால் வரவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நிற்கும். 'கொடு' என்றால் கொம்பும் காலும் சேர்ந்தே வலப்பக்கம் ஒதுங்கிவிடும். அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. அப்படியே அச்சாகி ஆலை வாயிலில் ஏறிவிடுகிறது, பத்தடி நீளத்துக்கு.

மக்கள் தொடர்பு, நிறுவனத் தகவல் தொடர்பு என்று படித்துவிட்டு வேலை தேடும் இளைஞருக்குக் கையில் கிடைக்கும் மென்பொருள் பட்டியலில் இந்தக் கொம்புப் பிரச்சினைக்கு இடமே இருக்காது. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், பிரீமியர், கேன்வா, வேர்ட்பிரஸ், ஹூட்சூட், மெயில்சிம்ப், கூகுள் அனலிட்டிக்ஸ் என்று அது நீளும். எல்லாம் நல்ல கருவிகள்தான். பெருநகரத்து விளம்பர நிறுவனத்தை மனத்தில் வைத்துப் போட்ட பட்டியல் அது, அவ்வளவுதான். மின்னஞ்சல் முகவரியே இல்லாத உருக்காலைத் தொழிலாளிக்கு மெயில்சிம்பில் எதை அனுப்புவது?

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழில் வட்டாரத்தில் செய்தி சொல்லும் வேலைக்குத் தனி ஆள் இருப்பதே அரிது. தேசிய நெடுஞ்சாலை 16-ஐ ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலைகளும் ரசாயன, பொறியியல் ஆலைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. மேற்கே தேர்வாய்க்கண்டிகையில் மிச்செலின் டயர் ஆலை. திருவள்ளூர் பக்கம் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை, மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர். கிழக்கே கடலோரத்தில் அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். வடக்கே மாநில எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. 'கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ்' என்று பலகை மாட்டிய அறை பெரும்பாலும் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும். ஆலைக்குள் அந்த வேலை மனிதவளம், பாதுகாப்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்று பிரிவுகளின் தலையில் பங்கு பங்காக விழுகிறது. ஆகவே இங்கே ஒருவர் கற்க வேண்டியவற்றை வேலை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஷாப் ஃப்ளோரில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டமும் இந்த வேலையைக் கேட்டு வந்திருக்கிறது. ஆலையில் ஒட்டும் சட்டப்படியான அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. போபால் விபத்துக்குப் பிறகு, 1987 திருத்தத்தில் 41பி பிரிவு சேர்ந்தது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலை, அந்த ஆபத்தைத் தொழிலாளர்களுக்கு மட்டுமின்றிச் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றது அது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியில் கிடைக்க வேண்டும், கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். இத்தனையையும் தட்டச்சு செய்ய, வடிவமைக்க, மொழிபெயர்க்க, படம்பிடிக்க யாரோ ஒருவர் வேண்டியிருக்கிறது.

அந்த ஒருவருக்கு முதல் பாடம் தமிழில் ஒழுங்காகத் தட்டச்சு செய்வது. சிரிப்பு வரலாம். ஆனால் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பழகிய தலைமுறை, பத்துப் பக்க அறிக்கை என்று வந்ததும் திணறுகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகைதான் இதற்கு இன்றும் சிறந்த வழி. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அக்கா' என்று அடிக்க அ, க, க, ஆ என்று நான்கே தட்டல் போதும். நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி என்று இலவசமாகவே மென்பொருள்கள் இருக்கின்றன. ஆப்பிள் கணினியில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழிவந்த விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் விடாமல் அடித்தால் கை பழகிவிடும்.

இரண்டாவது, எழுத்துருக் குறியாக்கம். வடிவமைப்புப் பள்ளிகள் இதைத் தொடுவதே இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ் 16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் வானவில், பாமினி, ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் இன்னும் உயிரோடு உலவுகின்றன. ஓர் அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கையைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாகக் குப்பை தெரியும். அது கெட்டுப்போன கோப்பு அல்ல, பழைய எழுத்துருவில் அடித்தது என்று கண்டுகொண்டு, என்எச்எம் கன்வெர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ போட்டு இரண்டு நிமிடத்தில் ஒருங்குறியாக்கித் தருபவரை அலுவலகம் லேசில் விடாது.

ஃப்ளெக்ஸ் கடைக் கொம்புக்கும் காரணம் இதுதான். ஒருங்குறியில் கொம்பு, எழுத்துக்குப் பின்னாலேயே சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. 2012-இல் வந்த எக்ஸ்6 பதிப்புக்கு முந்தைய கோரல் டிராவுக்கு அந்த வித்தை தெரியாது. அடோபியின் கதை வேறு. வித்தை உள்ளே இருக்கிறது, ஆனால் பூட்டி வைத்திருக்கிறார்கள். இன்டிசைனில் பத்தி அமைப்புக்குள் போய் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரீமியரில் கிராஃபிக்ஸ் விருப்பங்களில் தெற்காசிய எழுத்துக்கான இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் 'அடோபியில் தமிழ் வராது' என்று சொல்லிக்கொண்டிருக்கும் அனுபவசாலிகள் நிறையப் பேர். இலவச மென்பொருள்களான இங்க்ஸ்கேப், லிப்ரே ஆஃபீஸ் இரண்டிலும் எந்தப் பொத்தானையும் தேடாமலே தமிழ் சரியாக வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. கூகுள் எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி ஆகியவையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மருதம் முதலிய எழுத்துருக்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. பிழை திருத்த நீச்சல்காரன் உருவாக்கிய வாணியும், சந்திக்கு நாவியும் உண்டு. எச்சரிக்கைப் பலகையில் ஒற்று மிகுந்தால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள், அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஊர்க்காரர்கள் ஆலையை எடைபோடுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வடிவமைப்புக்கு எதைக் கற்பது என்ற வாதம் ஓயாது. ஆஸ்திரேலியாவிலிருந்து 2013-இல் வந்த கேன்வா வாழ்த்து அட்டையையும் சமூக ஊடகப் படத்தையும் யாரும் செய்யக்கூடிய வேலையாக்கிவிட்டது. யாரும் செய்யக்கூடியதென்றால் அதற்குத் தனியாகச் சம்பளம் வராது என்பது அதன் மறுபக்கம். பக்கங்கள் நிறைந்த ஆண்டறிக்கைக்கும் நிறுவன இதழுக்கும் இன்டிசைனே இன்றும் நிற்கிறது. ஆலைகளில் உண்மையில் அதிகம் உழைப்பது இவை எதுவுமல்ல, பவர்பாயிண்ட். தணிக்கைக்கு வருபவருக்குக் காட்டுவது, தலைமை அலுவலகத்துக்குப் போகும் மாதாந்திர அறிக்கை, பயிற்சி வகுப்பு, சில இடங்களில் நோட்டீஸ் பலகைப் போஸ்டர் வரைக்கும் அதில்தான். அதை நாற்பது வரியால் நிரப்பாமல் நான்கு வரியில் சொல்லத் தெரிந்தவருக்கு இன்னும் கிராக்கி குறையவில்லை.

அட்டவணைச் செயலியைத் தகவல் தொடர்புக் கருவியாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது யாருக்கு எங்கே சாப்பாடு, எங்கே படகு, எங்கே தங்க இடம் என்ற தகவலைத் தன்னார்வலர்கள் திரட்டியது கூட்டாகத் திருத்தும் அட்டவணைகளில்தான். அருண் கணேஷ் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்துத் தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே குறிக்கும்படி ஒரு வரைபடம் செய்தார். ஆயிரக்கணக்கான தெருக்கள் அதில் குறிக்கப்பட்டன. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் மழைக்காலத்தில் லட்சக்கணக்கானோர் எதிர்பார்த்திருக்கும் ஆளானதும் பளபளக்கும் வீடியோவால் அல்ல. மழையளவுப் புள்ளிவிவரங்களையும் ரேடார் படத்தையும் படித்துப் புரியும்படி எழுதினார், மக்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

2024 அக்டோபர் 11 இரவு, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிரிழப்பு இல்லை, காயம்பட்டவர்கள் உண்டு. தடம் புரண்ட பெட்டிகளின் படம் சில நிமிடங்களில் நாடு முழுக்கப் போய்விட்டது. ஆனால் பிகாரில் இருக்கும் குடும்பத்துக்கு வேண்டியது படமா? யார் எந்த மருத்துவமனையில், மற்றவர்களுக்கு மாற்று ரயில் எப்போது, எந்த எண்ணில் கேட்பது என்பதுதான். பெயர், பெட்டி, நிலை, இடம், நேரம் என்று ஐந்து பத்திகள் கொண்ட சுத்தமான அட்டவணையைப் பரபரப்பில் பராமரிக்கத் தெரிவது ஒரு தொழில்திறன். இதில் ஓர் உள்ளூர்ச் சிக்கலும் உண்டு. தமிழ்ப் பெயர்கள் உள்ள அட்டவணையைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாக வைத்து எக்செல்லில் திறந்தால் எழுத்தெல்லாம் சிதைந்துவிடும். சேமிக்கும்போதே 'யுடிஎஃப்-8' என்று இருக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இனி வாட்ஸ்அப். கும்மிடிப்பூண்டியில் உண்மையான நோட்டீஸ் பலகை அதுதான்: ஷிப்ட் மாற்றம், பேருந்து வராத நாள், கேன்டீன் புகார், எல்லாம் அதில்தான். தெரிந்த செயலிதானே என்று இதைக் கற்காமல் விடுகிறார்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள் என்பதோ, உங்கள் எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவைக்காதவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது என்பதோ பலருக்குத் தெரியாது. 'எல்லாருக்கும் அனுப்பியாச்சு சார்' என்று அறிக்கை கொடுத்துவிட்டு, பாதிப் பேருக்குச் செய்தி போகாத நிலை இப்படித்தான் உண்டாகிறது. குழு, கம்யூனிட்டி, சேனல், வணிகக் கணக்கு ஆகிய நான்கும் வெவ்வேறு வேலைக்கானவை. யார் பதில் பேசலாம், யாருடைய எண் யாருக்குத் தெரியும் என்பது ஒவ்வொன்றிலும் மாறும். பெண் தொழிலாளர்களின் எண்கள் முந்நூறு பேர் குழுவில் அம்பலமாவதைத் தடுக்க இந்த வேறுபாடு தெரிந்தால்தான் முடியும்.

அதே செயலியின் இன்னொரு முகத்தை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் உலவுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்த நாள்களில், பழவேற்காட்டில் வீடற்ற ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. நாட்டின் பல பகுதிகளிலும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் வேறொரு வடிவம்: தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று பிகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்க வேண்டியிருந்தது. காவல்துறை இந்தியிலும் செய்தி வெளியிட்டது. பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. வடமாநிலத் தொழிலாளர்களை நம்பி ஓடும் உருட்டாலைகளுக்கு இது அரட்டை விஷயமாக இருக்க முடியாது. ஊரிலிருந்து அம்மா அழுதபடி போன் செய்தால் தொழிலாளி பெட்டியைக் கட்டிவிடுவான்.

ஆகவே சரிபார்ப்புக் கருவிகளை இந்தக் கட்டுரை பட்டியலின் மேலே வைக்கிறது, பலர் கடைசியில் வைப்பார்கள் என்றாலும். கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் ஒரு படம் முதலில் எங்கே வந்தது என்று பின்னோக்கித் தேடலாம். இன்விட் நீட்சி ஒரு வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தேடித் தரும். தமிழில் யூடர்ன் தளமும், அரசின் தகவல் சரிபார்ப்பகமும் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் 'இது பழைய வீடியோ, வேறு ஊர்' என்று உறுதி செய்து, இந்தியில் ஒரு நிமிடக் குரல் பதிவாக விடுதிக் குழுவில் போடக்கூடியவர் இருக்கும் ஆலைக்கும் இல்லாத ஆலைக்கும் மறுநாள் ஷிப்டில் வித்தியாசம் தெரியும்.

உண்மையான ஆபத்தின்போது கருவிகளின் எல்லையும் தெரிகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சுத் திணறி மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்திருந்தது. நடுச்சாமத்தில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. சைரனும் ஒலிபெருக்கியும் முன்கூட்டியே நடத்திய ஒத்திகையும்தான் அங்கே ஊடகம். ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறும் செல் பிராட்காஸ்ட் எச்சரிக்கை 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டது. அது அரசின் கையில் உள்ள கருவி. ஆனால் அதில் போகும் இரண்டு வரித் தமிழை, எந்தத் திசையில் நகர வேண்டும், முகத்தை எதால் மூட வேண்டும் என்பது உட்பட, நிதானமான நாளிலேயே எழுதிவைப்பது ஆலையின் வேலை.

வீடியோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இளைஞர்கள் இதை எப்படியும் கற்றுக்கொள்கிறார்கள். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே தொழில்முறை வேலைக்குப் போதும். ஒலிக்கு ஆடாசிட்டி. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத பாடம் கேன்டீன் டிவியில் இருக்கிறது. பல ஆலைகளில் உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. மூன்று நிமிடப் பாதுகாப்புப் படம் பென் டிரைவில் போய் கேன்டீன் டிவியில்தான் ஓடும். வசன வரிகளைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் பல டிவிகளில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். படத்தின் மேலேயே எழுத்தைப் பதித்துவிட வேண்டும். சாப்பாட்டுத் தட்டுகளின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் எழுத்து பெரிதாக வேண்டும். படிக்கத் தெரியாதவர் இருப்பார் என்பதால் செய்து காட்டும் காட்சியும் வேண்டும். தமிழ், இந்தி, ஒடியா என்று மூன்று பதிப்பு செய்வதற்குப் பதிலாக, பேச்சே இல்லாமல் கைகளை மட்டும் காட்டி எடுத்த படம் சில சமயம் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்க்கிறது. மத்திய அரசின் பாஷிணியும் மொழிபெயர்ப்புக்கு உதவுகிறது. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் தமிழையும் ஓரளவு பிடிக்கிறது. மூன்று மணி நேரக் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் முதல் வரைவு எழுத்துப்படிக்கு இவை பெரிய உதவி. பாதுகாப்பு அறிவிப்புக்கு இவற்றை அப்படியே நம்பக் கூடாது. ஒரு 'கூடாது' மொழிபெயர்ப்பில் நழுவினால் கை போய்விடும். இயந்திரம் கொடுத்ததை அந்த மொழி பேசும் தொழிலாளி ஒருவரிடமே படித்துக்காட்டி, 'என்ன புரிஞ்சுது, சொல்லுங்க' என்று கேட்பதைவிட நல்ல சோதனை இன்னும் வரவில்லை. குரல் நகலெடுப்பிலும் எல்லை உண்டு. 2024-இல் 'லால் சலாம்' பாடலுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை மீட்டெடுத்த ஏ.ஆர். ரகுமான், குடும்பத்தினரிடம் அனுமதி பெற்றதாகச் சொன்னார். மேலாளர் குரலில் நான்கு மொழி வாழ்த்துச் செய்தி தயாரிக்க நினைக்கும் ஆலைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

கற்பதற்குக் காசு அதிகம் வேண்டாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் லிப்ரே ஆஃபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் போன்றவற்றைத் தமிழிலேயே சொல்லித்தருகிறது. கல்லூரி மாணவர்களுக்கு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. பொன்னேரியிலிருந்து ரயிலேறி சென்னையில் ஆறு மாத மல்டிமீடியா வகுப்புக்குப் பெருந்தொகை கட்டுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு மென்பொருளின் பெயரை நம்பிப் பிழைப்பைக் கட்டுவதிலும் ஆபத்து உண்டு. 1985-இல் வந்து தமிழ்ப் பதிப்புலகத்தையே தாங்கிய பேஜ்மேக்கர், 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் டிக்டாக்கைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதே பட்டியலில் அலுவலகங்கள் ஆவணங்களைப் படியெடுக்கப் பயன்படுத்திய கேம்ஸ்கேனரும், சிறு வீடியோக்களை வெட்டி ஒட்டிய விவாவீடியோவும் ஒரே இரவில் போயின. அந்த ஆண்டு டிசம்பரோடு ஃப்ளாஷ் நின்றது, அதில் செய்த பயிற்சிப் பாடங்கள் திறக்காமல் போயின. 2025 மே மாதம் ஸ்கைப் மூடப்பட்டது. 2026 அக்டோபரோடு பப்ளிஷருக்கான ஆதரவை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பல சின்ன அலுவலகங்களில் அடையாள அட்டை மாதிரியும் அவசரகால வழிகாட்டியும் அந்த வகைக் கோப்பாகத்தான் கிடக்கின்றன. அவற்றைப் பிடிஎஃப் ஆகவும், திருத்தக்கூடிய வேறொரு வடிவமாகவும் மாற்றி, தமிழ் எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கொடுப்பது, புதிதாகச் சேரும் ஒருவர் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிச் செய்யக்கூடிய வேலை.